கரையில்லாத துணி

சென்ற ஆண்டு விடுமுறையின்போது, தமையனார் அழைத்ததன் பேரில் ஒரு மாத காலம் இலண்டனிலே தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. தவறாது பார்க்க வேண்டியவை என நண்பர் எழுதித் தந்த பட்டியலிலே விக்டோரியா அல்பேட் நூதனசாலையும் ஒன்று. பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று, இன்று உயர்தர வகுப்பு மாணவருக்குச் செய்யுள் நயம் கற்பித்துவருபவன் நான். கலைப்பொருள் என்றதும் சிலையும் ஓவியமும் செப்பேடுமே என் நினைவுக்கு வருவன. துணியைக் கலைப்பொருளாக எண்ணிப் பழகியவனல்லன். ஆயினும் அன்று நான் அதிக நேரம் நின்றது ஒரு துணித்துண்டின் முன்னேதான்.

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தால் அவற்றுள் அடங்கிவிடக்கூடிய சிறு சதுரம் அது. மங்கிய ஊதா நிறக் கம்பளி நூலால் நெய்த ஒரு வட்டம்; வட்டத்தினுள் குதிரைமேல் ஒரு வீரன்; சுற்றிவர ஒரு கொடி. குதிரையின் கடிவாளமும் வீரனின் கண்களும் தலைமயிரளவு மெல்லிய வெண்ணூற் கோடுகளால் வரையப்பட்டிருந்தன. எகிப்து, கம்பளியும் லினனும், முற்பட்ட மத்திய காலம் என்று பக்கத்திலே ஒரு குறிப்பு. ஏறக்குறைய 1300 ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ ஒருவர் உடுத்த அங்கியின் பகுதி. நான் வியந்தேன். கம்பனின் கவிதையில் ஓர் உவமையைக் கண்டு வியக்கும் அதே மனத்தோடு வியந்தேன் என்றே சொல்ல வேண்டும். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன்.

அத்துண்டின் நான்கு ஓரங்களும் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தமை என் கண்ணிற் பட்டது. ஆனால் கருத்திற் படவில்லை. அதனைக் கருத்திற் படச்செய்தவர் என் தாயார். அதுபற்றிப் பின்னர் சொல்வேன்.

இத்தகைய துணிகள் ஐரோப்பாவினதும் அமெரிக்காவினதும் நூதனசாலைகளிலே ஆயிரக்கணக்கில் உள்ளன. அவை எவ்வாறு எஞ்சின என்பதே ஒரு தனிக் கதை. பண்டைய எகிப்தியர் பிணங்களைப் பதப்படுத்திப் புதைத்தனர் என்பதை நாம் அறிவோம். கி.பி. 3ஆம், 4ஆம் நூற்றாண்டுகளையொட்டி அவ்வழக்கம் மெல்ல மெல்ல அருகிற்று. இறந்தோரை அவர்கள் உயிரோடிருந்த காலத்தில் உடுத்த உடைகளோடே மணலிற் புதைக்கும் வழக்கம் பரவியது. கிறித்தவம் பரவிய காலத்திலும், 639 முதல் 642 வரை நடைபெற்ற அரபுப் படையெடுப்பின் பின்னரும் அவ்வழக்கம் தொடர்ந்தது. மழையறியாத அந்த மணல் துணியைக் காத்தது.

ஏனைய நாடுகளில் இந்நிலை இல்லை. நோர்வேயில் ஒசபேர்க் என்னும் இடத்திலே, 834ஆம் ஆண்டளவில் இரு பெண்களை ஒரு கப்பலோடு புதைத்த புதைகுழி 1904இல் அகழப்பட்டது. அங்கே கம்பளியும் பட்டும் கிடைத்தன. செடிநாரினாலான துணியோ பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகிவிட்டது. ஈரமண் விலங்கின் மயிரை ஓரளவு விட்டுவைக்கிறது. செடியின் நாரைத் தின்றுவிடுகிறது. எகிப்து மணலோ இரண்டையும் ஒருங்கே வைத்திருந்தது. ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுத்த நாரை நூற்று நெய்த லினனும், ஆட்டுமயிரை நூற்றுச் சாயந் தோய்த்த கம்பளியும் ஒரே துணியிலே பிரியாது நமக்குக் கிடைத்தன. ஆளிநூலில் சாயம் எளிதிற் பிடியாது. கம்பளியில் நன்கு பிடிக்கும். ஆகவே உடலை மூடும் பரந்த பகுதியை வெண்மையான லினனாகவும், கண்ணைக் கவரும் அலங்காரத்தை நிறக் கம்பளியாகவும் நெய்தனர். இவ்விரண்டையும் பிரித்தது மணலுமன்று, காலமுமன்று. 19ஆம் நூற்றாண்டின் கத்தரிக்கோலே அவற்றைப் பிரித்தது.

மேல் எகிப்திலுள்ள அக்மீம் என்ற நகரின் புதைகாடுகள் 1884இல் மஸ்பெரோ என்னும் பிரெஞ்சு அறிஞரின் கவனத்துக்கு வந்தன. அதன்பின் அங்கு நிகழ்ந்ததை அகழாய்வு என்பதிலும் அறுவடை என்பதே பொருந்தும். கல்லறைகள் கிளறப்பட்டன, உடைகள் உரியப்பட்டன. பிணத்தின் கசிவு படிந்து பழுப்பேறிய வெண்துணியை வாங்குவார் இல்லை. குதிரைவீரனும் கொடியும் பறவையும் நெய்த பகுதியை வாங்குவார் பலர். எனவே வணிகர் அலங்காரத்தை வெட்டியெடுத்துக்கொண்டு எஞ்சியதை வீசினர். பெரிய வட்டமொன்று கிடைத்தால் அதனையும் இரண்டாக, நான்காக வெட்டி வெவ்வேறு நகரங்களுக்கு விற்றனர். ஜேர்மனியில் ஆகன் நகரத்துத் திருச்சபைக் குருவான பிரான்ஸ் பொக் என்பார், தாம் சேர்த்த பழந்துணிகளை வெட்டி வெட்டிப் பல நூதனசாலைகளுக்குக் கொடுத்தமையால் 'கத்தரி பொக்' என்றே பெயர் பெற்றார். அந்தினோ என்ற மற்றொரு பழைய நகரில் அல்பேட் கயே கண்டெடுத்த உடைகள் 1900ஆம் ஆண்டுப் பாரிசு உலகக் கண்காட்சியிலே பார்வைக்கு வைக்கப்பட்டன. நாகரிக உலகம் கூடி நின்று வியந்தது.

இதனைச் சில தனிமனிதரின் பேராசை என்று கூறி அமைந்துவிடுதல் எளிது. ஆனால் அது வரலாறாகாது. நான் நின்ற அதே நூதனசாலை எந்நோக்கத்தோடு தோன்றியது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சியின் பின், 1852இல், உற்பத்திப் பொருள்களின் நூதனசாலையாக அது தொடங்கப்பட்டது. பிரித்தானிய ஆலைகள் வெளியிடும் பொருள்களின் வடிவமைப்பை உயர்த்துவதும், அதற்கு வேண்டிய முன்மாதிரிகளைக் கைவினைஞர்க்கும் ஆலையதிபர்க்கும் காட்டுவதும் அதன் நோக்கங்களாயிருந்தன. ஆலைக்கு வேண்டியது மாதிரிக்கோலம், அங்கி அன்று. அங்கியை உடுத்தவர் யார், நெய்தவர் யார், அது எந்தக் கல்லறையில் யாரோடு கிடந்தது என்பன ஆலைக்கு வேண்டாதவை. வாங்குவோனின் தேவை எதுவோ அதன்வழியே கத்தரிக்கோல் நடந்தது. சந்தையின் தர்க்கம் நூதனசாலையின் கண்ணாடிப் பெட்டிவரை வந்து சேர்ந்தமையே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

இதன் விளைவு அழகியலோடு நின்றுவிடவில்லை. கல்லறையிலிருந்து பிரிக்கப்பட்ட துணிக்குக் காலம் இல்லை, ஊரும் இல்லை. அறிஞர் உருவங்களின் பாணியைப் பார்த்துக் காலத்தை ஊகித்தனர். பொதுவாகக் 'கொப்திக் துணிகள்' எனப் பெயரிட்டு, எகிப்தியக் கிறித்தவருக்கே உரியன என்பதுபோல் ஒதுக்கினர். அண்மைப் பத்தாண்டுகளில் கதிரியக்கக் கரிமச் சோதனை பரவலாகச் செய்யப்பட்டபோது, அரபு ஆட்சிக்கு முந்தியன எனக் கருதப்பட்டவற்றிற் பல 7ஆம் நூற்றாண்டுக்கும் அதற்குப் பிந்திய காலத்துக்கும் உரியன எனத் தெரிய வந்தது. அரசு மாறியது, ஆட்சிமொழி மாறியது, மதமும் படிப்படியாக மாறியது. சாதாரண மக்களின் அங்கி மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பெரிதும் மாறாமலே நெய்யப்பட்டு வந்தது. மன்னர்களின் பட்டியலை வைத்து மக்களின் வாழ்வைக் கால வகுப்புச் செய்ய முனைவோர் இதனை மனங்கொள்ளல் நன்று.

ஊர் திரும்பியதும் அப்படத்தை அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா திருமணத்துக்கு முன்பிருந்து 1995ஆம் ஆண்டுவரை எங்கள் ஊர் நெசவுசாலையிலே துணி நெய்தவர். சாரம், துவாய், படுக்கை விரிப்பு ஆகியவையே அவர் நெய்தவை. என் பள்ளிப் படிப்பின் தொடக்கமும் அண்ணாவின் படிப்பும் அந்தத் தறியிலிருந்து வந்தவை. அம்மாவின் வலது கண்ணிற் புரை நீக்கி அப்பொழுது சில மாதங்களே ஆகியிருந்தன. படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். நான் குதிரைவீரனைப்பற்றி விளக்க வாயெடுத்தேன். அவர் கேட்டது வேறு.

"உதென்ன தம்பி, உப்பிடி வெட்டிப்போட்டு வைச்சிருக்கினம்? கரை எங்கை?"

நான் விழித்தேன். "கரையிலை என்ன அம்மா இருக்கு?" என்றேன்.

"கரையிலைதான் எல்லாம் இருக்கு. அகலம் எவ்வளவெண்டு தெரியாது. கை இழுத்துதோ தளர்த்தித்தோ எண்டு தெரியாது. கரையைப் பாத்தால் ஆரின்ரை கையெண்டு நாங்கள் சொல்லிப்போடுவம். கரையில்லாத துண்டிலை நெய்தவளை எங்கை தேடுறது?"

பட்டம் பெற்ற நான் அரைமணி நேரம் நின்று பார்த்தும் காணாததை, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மா ஒரு நொடியிற் கண்டுவிட்டார். எனக்கு வெட்கமாயிருந்தது. அந்த வெட்கமே என்னை இத்துணிகளைப்பற்றி மேலும் படிக்கத் தூண்டியது. படித்தபோது, துணியாய்வாளர் இன்று தேடுவதும் அம்மா கேட்ட அதனையே என்பதை அறிந்து வியப்பெய்தினேன்.

வெட்டப்படாது தப்பிய முழு அங்கிகள் சில உள. அவற்றை ஆராய்ந்தோர் கூறுவது இது. அவ்வங்கியைத் துணியாக நெய்து பின்னர் வெட்டித் தைக்கவில்லை. அகன்ற தறியிலே, ஒரு கையின் ஓரத்திலிருந்து நெய்யத் தொடங்குவர். கை முடிந்ததும் பாவின் இருபுறத்தையும் சேர்த்து அகலமாக்கி உடலை நெய்வர்; நடுவே தலை நுழைய ஒரு பிளவை விடுவர்; மறுகையின் ஓரத்திலே முடிப்பர். தறியிலிருந்து இறக்கும்போது அது சிலுவை வடிவான ஒரே துணி. தோளில் மடித்துப் பக்கங்களைத் தைத்துவிட்டால் அங்கி ஆயிற்று. தோளின் இருபுறமும் இறங்கும் பட்டிகளும், முழங்காலருகே வரும் வட்டங்களும், கைகளின் கோடுகளும் பின்னர் ஒட்டியவையல்ல. வெண் பாவிழைகளைச் சிலசிலவாகச் சேர்த்து, அவ்விடத்தில் மட்டும் லினன் ஊடைக்குப் பதிலாகக் கம்பளி ஊடையைக் கைவிரலால் கோத்து நெய்தவை. உடுத்தும்போது நிமிர்ந்து நிற்கும் உருவத்தை நெய்பவர் தறியிலே பக்கவாட்டிற் படுத்தபடியே கண்டார். எந்த இடத்தில் தோள் வரும், எந்த இடத்தில் முழங்கால் வரும் என்பதை முதலிழையிலேயே கணக்கிட்டிருத்தல் வேண்டும். இது எழுத்தறியாதவரின் வடிவகணிதம். ஓரங்களிலே இழைகளை முறுக்கிக் கரையை வலுப்படுத்தினர். அலங்காரமும் வெறுந்துணியும் ஒரே கையின் ஒரே செயல் என்பதை அந்தக் கரையே சான்றுபடுத்துகிறது. வெட்டப்பட்ட துண்டு அச்சான்றை மறைத்துவிடுகிறது.

தறிக்கு முன்னே கதிர் இருக்கிறது. நெசவுக்குச் செல்லும் நேரத்திலும் நூற்பதற்குச் செல்லும் நேரம் பன்மடங்கு. எகிப்தியர் ஆளிநூலை இடப்புறமாக முறுக்கினர்; நனைந்து உலரும்போது ஆளிநார் இயல்பாகத் திரும்பும் திசையும் அதுவே. பருத்திக்குப் பழகிய நாடுகளிலோ முறுக்கு பெரும்பாலும் மறுதிசை. ஒரு துண்டு எங்கிருந்து வந்தது என அறிய இன்று ஆய்வாளர் முதலிற் பார்க்கும் குறிப்புகளில் இந்த முறுக்கும் ஒன்று. பெயரறியாத ஒரு பெண்ணின் விரல் பழகிய திசை ஆயிரம் ஆண்டு கடந்தும் நூலிலே நிற்கிறது.

அங்கிகளிற் சிலவற்றின் இடுப்பிலே ஒரு மடிப்புத் தையல் காணப்படுகிறது. நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் வாய்ப்பளிப்பது அது. வளரும் பிள்ளைக்கு அது எவ்வளவு பயன்படும் என்பதை நம் வீடுகளிலே பாடசாலைச் சீருடையின் கீழ்மடிப்பை ஆண்டுதோறும் பிரித்துவிடும் தாய்மார் அறிவர். தேய்ந்த இடத்திலே ஒட்டுப்போட்டவையும் உள்ளன. ஊதா நிறத்தின் கதையும் அத்தகையதே. பேரரசருக்கும் பெருமக்களுக்கும் உரிய ஊதா, கடற் சங்கினத்து உயிர்களிடமிருந்து பெறப்பட்டது. பொன்னுக்கு நிகரான விலையுடையது. இத்துணிகளின் ஊதாவைச் சோதித்தபோது அது பெரும்பாலும் மஞ்சிட்டி இனத்து வேரின் செம்மையையும், அவுரிபோல் நீலந்தரும் செடியின் நீலத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தோய்த்துப் பெற்றதென்று தெரிந்தது. பேரரசரின் நிறத்தை இரண்டு செடிகளிலிருந்து ஆக்கிக்கொண்டனர் சாயக்காரர். அரபு ஆட்சிக் காலத்துத் துண்டுகளிற் சிலவற்றிலே சிவப்புக்கு அரக்குச் சாயமும் காணப்படுகிறது. அவ்வரக்கு கீழ்த்திசையிலிருந்து, இந்தியாவின் பக்கத்திலிருந்து, கடல் கடந்து சென்றது.

இவ்வளவு நுண்ணிய தொழில் செய்தோர் எவ்வாறு வாழ்ந்தனர்? துணி இதற்கு விடை சொல்லாது. எழுத்துச் சான்றுகள் சிலவே உள. ஆயினும் அவை உரக்கப் பேசுகின்றன.

எகிப்தின் வடகரையில், ஏரியொன்றின் நடுவே தின்னிஸ் என்னும் தீவு நகரம் இருந்தது. அதன் லினன் இஸ்லாமிய உலகெங்கும் புகழ் பெற்றது. 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அந்தியோக்கியாவின் சிரியத் திருச்சபைத் தலைவரான தியொனீசியு என்பார் அங்குச் சென்றார். அவரிடம் நகரத்து நெசவாளர் முறையிட்டதைச் சிரிய வரலாற்று நூலொன்று பாதுகாத்துள்ளது. எங்களைச் சுற்றி நீர், விதைக்க நிலமில்லை, குடிநீரையும் காசு கொடுத்தே வாங்குகிறோம், பெண்கள் நூற்கிறார்கள், நாங்கள் நெய்கிறோம், வணிகர் தரும் கூலி நாளொன்றுக்கு அரைத் திர்ஹம், தலைக்கு 5 தினார் வரி கேட்கிறார்கள், கொடாதவர் அடிபடுகிறார்கள், பிள்ளைகளை ஈடாக வைக்கிறார்கள் என்பது அம்முறையீட்டின் சாரம். திர்ஹம் வெள்ளி, தினார் பொன். ஒரு தினாருக்கு 10 திர்ஹம் என்ற குறைந்த கணக்கை வைத்துக்கொண்டாலும் 5 தினார் என்பது 50 திர்ஹம். அரைத் திர்ஹக் கூலியில் அது முழுதாக 100 நாள் உழைப்பு. உண்ணாமல், உடாமல், நீர் குடிக்காமல் உழைத்தால்தான் 100 நாளில் அவ்வரி தீரும்.

அக்காலத்துக் கலீபாக்களின் ஆட்சியில் 'திராஸ்' என வழங்கிய துணிகள் உண்டு. ஆட்சியாளரின் பெயர், அவருக்கு வாழ்த்து, சிலவற்றில் அமைச்சர் பெயர், நெய்த நகர், ஆண்டு ஆகியவற்றை எழுத்தாக நெய்த துணிகள் அவை. அரசர் அவற்றைத் தம்மைச் சார்ந்தோர்க்குப் பரிசாக வழங்குவர். துணியின் கரையருகே ஓடும் அவ்வெழுத்திலே நெய்தவர் பெயருக்கு இடமில்லை. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரபுப் புவியியலாளர் அல் முகத்தசி, தின்னிசுக்கு அருகிலுள்ள ஷதா என்ற ஊரைப்பற்றி எழுதினார். அங்குள்ள கொப்திக் நெசவாளர் அரச முத்திரை இடாது எதனையும் நெய்தல் கூடாது. அரசு அமைத்த தரகர்வழியன்றி விற்றலும் கூடாது. விற்பதைப் பதிவேட்டில் எழுத ஒருவர், சுருட்ட ஒருவர், பொதிய ஒருவர், கட்ட ஒருவர் என ஒவ்வொருவரும் தத்தம் கட்டணத்தைப் பெற்றனர். துணி ஒவ்வொரு கையாக மாறுகையிலும் நெய்தவனின் பங்கு ஒவ்வொரு படி தேய்ந்தது.

உண்மையை ஒருபக்கமாகக் காட்டுதல் முற்போக்காகாது. 1047ஆம் ஆண்டளவில் தின்னிசைக் கண்ட பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ, அங்கே சுல்தானுக்காக நெய்வோர் தக்க கூலி பெற்று மனமுவந்து வேலை செய்கின்றனர் என்று புகழ்ந்து எழுதினார். இரண்டு நூற்றாண்டு இடைவெளியில் நிலை திருந்தியிருத்தலும் கூடும். ஆயினும் பிற நாடுகளில் அரசர் நெசவாளரை வருத்தி வேலை வாங்குவதற்கு மாறாக இங்கே இவ்வாறு நடக்கிறது என்பதே அவர் வியப்புக்குக் காரணம். தக்க கூலி கொடுத்தமை வியந்து எழுதத்தக்க செய்தியாயிற்று என்றால், பிற இடங்களின் வழக்கம் எது என்பதை நாம் உய்த்துணரலாம்.

இவற்றுக்கு எல்லாம் முந்திய ஒரு பெயரும் எனக்குக் கிடைத்தது. ஒக்சிரிங்கஸ் என்ற எகிப்திய நகரின் குப்பைமேட்டிலே கிடைத்த நாணற்றாள் ஏடுகளிலே, கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த திரிபோன் என்ற நெசவாளியின் குடும்ப ஆவணங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று 52ஆம் ஆண்டுக்குரியது. கண்புரையாலும் பார்வைக் குறைவாலும் இவர் கட்டாய அரசப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்பது அதன் செய்தி. கண் மங்கிய பின்னும் அவர் தறியை விட்டுவிடவில்லை. வேறோர் ஏட்டின்படி அவர் ஒரு தறியை விலைக்கு வாங்கினார். இந்த வரியைப் படித்த அன்று நான் அம்மாவின் அறைக்குச் சென்று அவரது கண்ணில் மருந்துத்துளி விட்டேன். அதற்குமேல் எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

கத்தரிக்கோல் எகிப்தோடு நிற்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1866இல் போர்ப்ஸ் வாட்சன் என்பார் இலண்டனிலே இந்தியத் துணிகளின் தொகுதி ஒன்றை வெளியிட்டார். 18 தொகுதிகள், 700 துணி மாதிரிகள், அத்தகைய 20 கட்டுகள். சென்னை மாகாணத்துத் துணிகளும் அவற்றுள் அடங்கும். முழுத் துணிகளை வெட்டித் துண்டு துண்டாகத் தாளில் ஒட்டி, பிரித்தானியாவினதும் இந்தியாவினதும் வணிக நகரங்களுக்கு அனுப்பினர். எகிப்திலே வெறுந்துணியை வீசியெறிந்த அதே நூற்றாண்டு, இங்கே சாதாரண மக்கள் உடுக்கும் வேட்டியையும் சேலையையும் லுங்கியையும் நீளம், அகலம், எடை எழுதிப் பாதுகாத்தது. காரணம் வெளிப்படை. பெருந்தொகையான மக்கள் உடுக்கும் மலிந்த துணியே ஆலைக்குச் சந்தை. ஓரிடத்தில் அலங்காரம் விலைபோயிற்று, அலங்காரம் எஞ்சியது. மற்றோரிடத்தில் வெறுந்துணி விலைபோகும் எனக் கண்டனர், வெறுந்துணி எஞ்சியது. நெய்தவர் இரண்டிடத்திலும் எஞ்சவில்லை.

இவ்வளவையும் எழுதி, பழி முழுவதையும் பிறர்மேற் சுமத்திவிட்டு இக்கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது ஏழு வயது. வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி மழையில் நடந்த இரவு அது. புறப்படுமுன் வீட்டிலே எதை எடுப்பது, எதை விடுவது என்ற அவசரம். அம்மாவின் கூறைச்சேலை பொலித்தீனிலே சுற்றப்பட்டுப் பைக்குள் சென்றது. அம்மா நெய்த படுக்கை விரிப்புகள் அலுமாரியில் நின்றன. "அதுகள் பாரம், பிறகு நெய்யலாம்" என்று அம்மாவே சொன்னார். நெசவுசாலைத் தறியில் பாதி நெய்த துவாய் ஒன்று பாவோடு நின்றது. திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, தறியும் இல்லை. அம்மா மறுபடி நெய்யவும் இல்லை.

கூறை இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மா ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நெய்த துணியில் ஒரு முழம்கூட இல்லை. பொன்னிழை ஓடுவது காக்கத்தக்கது, வெறுந்துணி விட்டுச்செல்லத்தக்கது என்று எங்களுக்கு யார் கற்பித்தார்? அந்தக் கத்தரிக்கோல் எங்கள் கைகளிலும் இருந்தது. நெய்தவரின் கையிலேயே இருந்தது. இதுவே என்னை இன்றும் வருத்துவது. உழைப்பவரைக்கொண்டே அவருடைய உழைப்பை அற்பமென எண்ணச் செய்வதிலேதான் இந்த மதிப்பீட்டின் வெற்றி தங்கியுள்ளது.

வகுப்பறையிலும் நான் அதே கத்தரிக்கோலோடுதான் நின்றிருக்கிறேன். நூறு பாடல்களுக்கு நடுவிலிருந்து ஒரு பாடலை, ஒரு பாடலுக்கு நடுவிலிருந்து ஓர் உவமையை வெட்டியெடுத்துக் கரும்பலகையில் எழுதி 'நயந்து எழுதுக' என்று கேட்டு வந்திருக்கிறேன். அப்பாடல் எந்தச் சமுதாயத்தின் எந்தப் பாவில் ஓடிய ஊடை, அதன் கரை எங்கே என்று கேட்கவில்லை. அலங்காரத்தை இரசிப்பது குற்றமன்று. அந்தக் குதிரைவீரன் இன்றும் என் கண்முன் நிற்கிறான். அவனை நெய்த கையை இகழ்ந்துவிட்டு அவனை இகழ எனக்கு மனமில்லை. ஆனால் அலங்காரத்தை மட்டும் வெட்டியெடுத்து இதுவே கலை என்று மாணவர் கையிற் கொடுப்பது, அவர்களுடைய தாய்மாரை அவர்களிடமிருந்து வெட்டியெறிவதாகும்.

சென்ற தவணையில் மாணவர்க்கு ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுத்தேன். வீட்டிலுள்ள ஏதேனுமொரு துணியைப்பற்றி, அது எங்கே, யார் கையால் ஆனது என்பதை விசாரித்து எழுதும்படி சொன்னேன். பலர் தாயின் கூறையைப்பற்றியே எழுதினர். பின்வாங்கிலிருந்த ஒரு மாணவி தயங்கியபடி எழுந்தாள்.

"சேர், எங்கடை அக்கா ஆடைத் தொழிற்சாலையிலை கொலர் மட்டும்தான் தைக்கிறவ. முழுச் சட்டையை அவ கண்டதேயில்லையாம். அதைப்பற்றி எழுதலாமோ?"

"எழுதும் பிள்ளை," என்றேன். "ஒரு நாளைக்கு எத்தனை கொலர், எத்தனை மணித்தியாலம், என்ன சம்பளம் எண்டதையும் கேட்டு எழுதும்."

அவள் எழுதி வந்த நான்கு பக்கங்களையும் வீட்டுக்குக் கொண்டுசென்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு நல்ல புள்ளி போடு," என்றார்.